கள்ள நோட்டு வாசிக்கும் காதக்கா

கடைத்தெருவில் செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், காது கேட்கும் கருவி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற பெண்ணை அந்தத் தெருவே காதக்கா என்றுதான் கூப்பிடும். முதலில் 'காது டாக்டரம்மா' என்று ஆரம்பித்தார்கள். நான் டாக்டர் இல்லை, கருவி பொருத்துகிறவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். வருகிறவர்களுக்குக் காது கேட்காது என்பதால் அது போய்ச் சேரவில்லை. நாளடைவில் டாக்டர் உதிர்ந்து, அக்கா ஒட்டிக்கொண்டது.

கடையின் பின்பக்கம் பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக, சத்தம் புகாத அறை ஒன்று. அதற்குள் ஆளை உட்கார்த்தி, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொத்தானைக் கையில் வாங்கியதும் நல்ல மனிதர்கள்கூடக் காப்பியடிக்கிற பையன்களாகிவிடுவார்கள். எனக்கா காது கேட்காது என்ற வீம்பில், சத்தமே வராதபோதும் கண்ணாடி வழியாக அவள் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்துவார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. வேண்டுமென்றே கையைச் சும்மா தூக்கி இறக்குவாள். உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார்.

யுகுலேலே என்கிற குட்டி வாத்தியம் அவள் கைக்கு வந்தது கணவரால். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் அடங்காது. செய்தி வாசிக்கிறவர் வேகம் பிடித்தால் கால் தரையை மிதிக்கும். காதக்கா தன் தங்கை வீட்டு விவகாரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் அழுத்தி மிதிக்கும். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் கால் சும்மா இருக்குமோ என்று அவள் யோசித்தாள். கிதார் வாங்கினால் வைக்க இடம் இல்லை. வயலின் வாங்கினால் பக்கத்து வீட்டார் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் ஒரு வாத்தியக் கடை ஜன்னலில், கிதார் பெற்ற பிள்ளை மாதிரி நாலே தந்தியோடு யுகுலேலே தொங்குவதைப் பார்த்தாள்.

மாஸ்டர் அதை மடியில் வைத்து மேலும் கீழும் பார்த்தார். கழுத்துப் பகுதியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தார். "இதுல கியர் எதும்மா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாங்கியதைப் பரணில் போட மனம் வரவில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, விரல்களைத் தந்திகளில் வைக்கிற மூன்று விதமான பிடிகளை அவளே கற்றுக்கொண்டாள். புதுப் பாட்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது பிடிக்கு விரலை நகர்த்துவதற்குள் பாடுகிறவன் நாலு வரியை முடித்துவிட்டு ஆடவே போய்விட்டான். சரிப்படவில்லை. அப்புறம்தான் ஐம்பதுகளின் பாட்டுகள் ஞாபகம் வந்தன. அவளுடைய அப்பாவின் தையல் கடையில், மிஷின் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் ஓடிய பாட்டுகள். அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்களுக்கு அவசரமே கிடையாது. காதலி வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே மூன்று தடவை சொல்வார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பிடியை மாற்றி, மூக்கைச் சொறிந்துகொள்ளவும் நேரம் இருந்தது.

குறை இரண்டு. ஒன்று, அளவு கொடுக்க யாராவது கடைக்கு வந்ததும் அப்பா ரேடியோவை அணைத்துவிடுவார். அதனால் பல்லவி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சரணம் என்று வந்தால் சரணாகதிதான். இரண்டு, அவளுக்குப் பாட வராது. தகரத்தில் ஆணியால் கீறுகிற குரல். அதை அவளே ஒப்புக்கொள்வாள். அதனால் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

யுகுலேலே கடைக்கும் வந்தது. புதிதாகக் கருவி மாட்டியவர்களிடம் ஹலோ ஹலோ என்று கத்துவதற்குப் பதிலாக ஒரு பழைய பாட்டை வாசித்துக் காட்டினாள். ஊமைப் படம் மாதிரி உட்கார்ந்திருந்த முகங்களில் சத்தம் வந்து சேருவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள், மருமகள் அழைத்து வந்த ஒரு மாமியார், எந்தக் கருவியை மாட்டினாலும் ஒன்றுமே கேட்கவில்லை என்று சாதித்தார். மருமகள் வாங்கிக் கொடுக்கிற எதுவும் வேலை செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. காதக்கா சலிப்போடு வாசித்துக்கொண்டிருந்தபோது விரல் வழுக்கி வேறொரு தந்தியில் விழுந்தது. அந்த அம்மாள் முகம் எலுமிச்சையைக் கடித்தது போலச் சுருங்கிற்று.

"இப்ப கேட்டுச்சா?" என்றாள் காதக்கா.

"கேக்கலை," என்றார் மாமியார். "ஆனா அது தப்பு."

அன்றிலிருந்து அது ஒரு சோதனை முறையாகவே ஆகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக எடுப்பாள். கேட்கிறவர் மனம் உருகுகிற இடமாகப் பார்த்து, வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தைத் தப்பாக மீட்டுவாள். ஆங்கிலத்தில் ஸ்வரத்தை நோட்டு என்று சொல்வதால் அதற்குக் கள்ள நோட்டு என்று பேர் வைத்தாள். பொத்தானிடம் பொய் சொல்கிற மனிதர்களால் கள்ள நோட்டிடம் பொய் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தக் கேஸில் நீ உள்ளே போகப் போகிறாய் என்று மாஸ்டர் எச்சரித்தார்.

அந்தக் கள்ள நோட்டில் வகையாக மாட்டியவர் ஸ்டெனோ சார்.

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் மகளும் அழைத்து வந்தார்கள். மகள் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. உள்ளே நுழைந்ததும் நெருப்பணைக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக இரண்டு காதும் அடைத்துப்போய்விட்டது என்றும், சாலையில் பின்னால் ஹார்ன் அடித்தால்கூடத் திரும்புவதில்லை என்றும், கல்யாணமாகித் தனியே இருக்கிற தனக்கு ஒவ்வொரு நாளும் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். ஸ்டெனோ சார் சுவரில் இருந்த காது படத்தை ஞானியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் அவர் ஒரு தடவைகூடப் பொத்தானை அழுத்தவில்லை. அறைக்கு வெளியே நின்றாலே கேட்கிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றியும் அழுத்தவில்லை. நிஜமாகவே கேட்காதவர்கள்கூட அந்த அதிர்ச்சியில் கண்ணைச் சிமிட்டுவார்கள். இவர் சிமிட்டாமல் இருக்கப் பாடுபட்டதைக் காதக்கா கவனித்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு யுகுலேலேயை எடுத்தாள்.

படகுக்காரன் பாட்டு ஒன்றை வாசித்தாள். அடுத்த கரையில் இருக்கிறவளை நினைத்து ஆற்றோடு பேசுகிற பாட்டு. இரண்டாவது வரியில் ஸ்டெனோ சாரின் கால் கட்டைவிரல் செருப்பிலிருந்து எட்டிப் பார்த்தது. மூன்றாவது வரியில் தாளம் போட்டது. காதக்கா கள்ள நோட்டை எடுத்து விட்டாள். கட்டைவிரல் நின்றது. மறுபடி விட்டாள். இடது புருவம் துடித்தது. போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவள் அப்படிப்பட்ட பிறவி இல்லை. பாட்டின் உச்சியில், படகுக்காரன் காதலி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், மூன்றாவதாக ஒன்றைப் போட்டாள். ஸ்டெனோ சாரின் கை நிறுத்தும்மா என்பது போலத் தானாகவே மேலே எழுந்தது. பாதி வழியில் சுதாரித்துக்கொண்டு காது மடலைச் சொறிந்தார்.

சோதனைக்கு அமைதி வேண்டும் என்று சொல்லித் தாயையும் மகளையும் பக்கத்துச் செருப்புக் கடையில் உட்காரச் சொல்லி அனுப்பினாள். பிறகு, உதட்டசைவு தெரியாதபடி யுகுலேலேயால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"எவ்வளவு நாளா சார் இது?"

அவர் கதவைப் பார்த்தார். "ரிட்டயர் ஆன மறுவாரத்துலேர்ந்து."

கதை இதுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் வாதி சொன்ன பொய்யையும் பிரதிவாதி சொன்ன பொய்யையும் ஒரு எழுத்து விடாமல் கேட்டுக் கேட்டு எழுதியவர் அவர். அவருடைய காது அவருக்குச் சொந்தமாகவே இருந்ததில்லை. ஓய்வு பெற்றால் நிம்மதி என்று நினைத்திருந்தார். மறுவாரமே மச்சினர் வந்து உட்கார்ந்து, தன் நிலத் தகராறை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஏதோ ஒரு கேள்வி. ஸ்டெனோ சார் நிஜமாகவே கவனிக்கவில்லை. "ஆங்?" என்றார். மச்சினர் திருப்பிச் சொன்னார். மறுபடியும் "ஆங்?" மூன்றாவது "ஆங்"குக்கு மச்சினர் எழுந்து, அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது போல என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை வீட்டில் நிலவிய அமைதியை விவரிக்கும்போது ஸ்டெனோ சாரின் கண் கலங்கிற்று.

"காட்டிக் குடுத்துடாதீங்கம்மா," என்றார்.

காதக்காவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது. ஆனாலும் இக்கட்டுதான். நன்றாகக் கேட்கிற காதில் கருவியை மாட்ட முடியாது. அந்த அறையில் ஒருவர் சொன்னதை வெளியே சொல்லுவதும் முறையில்லை. இங்கே முடியாது என்றால் மகள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்த் தலையைப் படம் பிடிக்காமல் விடமாட்டாள். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த கூடு ஒன்று அவள் கண்ணில் பட்டது. பார்க்கக் கருவி மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அதை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாள். "படகுப் பாட்டுல சரணம் தெரியுமா சார்?"

"எத்தனாவது சரணம்?" என்றார் அவர்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. மகளிடம் காதக்கா சொன்னது: இது பழகுவதற்கான கருவி, விலை கிடையாது, ஒவ்வொரு புதன்கிழமை மத்தியானமும் வந்து டியூன் செய்துகொள்ள வேண்டும். அதில் பொய் இல்லை என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு புதனும் டியூன் செய்யத்தான் போகிறாள். எதை என்றுதான் சொல்லவில்லை. காதில் பூச்சுற்றுவது என்பார்கள். காதக்கா கூட்டைச் சுற்றினாள்.

முதல் புதன்கிழமை ஸ்டெனோ சார் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. இருவரும் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தார்கள். கருவி மாட்டியவருக்குக் காது கேட்க வேண்டும். இனி "ஆங்?" என்று சொல்ல வழியில்லை. செய்தி தெரிந்து மச்சினர் இரண்டு வருஷத்துப் பாக்கிக் கதையோடு வந்து இறங்கியிருந்தார். மகள் காலையும் மாலையும் போன் செய்து, படிக்கட்டில் எப்படி இறங்குவது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். போதாக்குறைக்கு, குடியிருப்பவர்கள் சங்கத்தில் அவரைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். காது நன்றாக இருக்கிற எவனும் அந்தப் பதவிக்கு வரமாட்டேன் என்று ஓடிவிட்டானாம்.

காதக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லுங்க சார்."

"சொன்னேன். பொண்ணு ஒரு டப்பா பேட்டரி வாங்கி அனுப்பிட்டா."

ஆனால் புதன்கிழமைகள் இனித்தன. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் வாசிப்பாள், அவர் பாடுவார். கேட்டதை மறக்காத காது என்பதால் எந்தப் பாட்டானாலும் முழுசாகச் சொல்லுவார். ஆரம்பத்தில் காதல் வரிகளை எல்லாம் சாட்சியின் வாக்குமூலத்தை வாசிப்பது மாதிரிப் பாடினார். 'உன்னை மறவேன்' என்பதை 'மேற்படி நபரை மறவேன்' என்பது போலச் சொன்னார். வாரங்கள் போகப் போகக் குரல் இளகிற்று. ஆணும் பெண்ணுமாகப் பாடுகிற பாட்டுகளில்தான் சிக்கல். காதக்காவின் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டு, பெண் வரிகளையும் தானே பாடிக்கொள்வதாகப் பணிவோடு சொல்லிவிட்டார்.

புதன்கிழமை என்றால் கணவர் இரண்டு தடவை முகம் மழிப்பதையும், இஸ்திரி போட்ட கைக்குட்டையைத் தேடுவதையும் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். காதை டியூன் பண்ணப் போகிறவருக்கு சென்ட் எதற்கு? ஒரு புதன்கிழமை அவரும் பின்னாலேயே கிளம்பினார்.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து அவர் கடைக்குள் வந்தபோது, கணவர் கண்ணை மூடிக்கொண்டு, கீச்சுக் குரலில், தன்னை விட்டுப் போக வேண்டாம் என்று அத்தானைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். காதக்காவின் விரல்கள் தந்தியிலேயே உறைந்தன. ஸ்டெனோ சார் கண்ணைத் திறந்தார். அத்தான் அந்தரத்தில் நின்றார்.

அந்த அம்மாள் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஆனால் அவர் காதக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவருக்குக் காது கேக்கும்னு எனக்கு முதல் மாசமே தெரியும்மா. பால் பொங்கினா எனக்கு முன்னாடி அடுப்புக்கு ஓடறது இவருதான். செவிடருக்குப் பால் பொங்கற சத்தம் கேக்குமா?"

பிறகு ஏன் சொல்லவில்லை என்று காதக்கா கேட்டாள்.

"எதுக்குச் சொல்லணும்? கல்யாணமான நாள்லேர்ந்து இவர்கிட்ட சொல்லணும்னு நினைச்சதையெல்லாம், ரெண்டு வருஷமா காய் நறுக்கிக்கிட்டே இவர் முன்னாடியே சொல்லிட்டிருந்தேன். திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினா மாட்டிக்குவாரு. எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? இந்த மிஷினை மாட்டி நீங்க கெடுத்துட்டீங்க. இப்பல்லாம் பதில் சொல்றாரு."

ஸ்டெனோ சார் தொண்டையைச் செருமினார். "அந்த மஞ்சச் சட்டை அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அதை நான் சொன்னது போன வருஷம்," என்றார் மனைவி.

அதற்குமேல் காதக்காவால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, வேறு குரலில் சொன்னார்: "காது விஷயத்துல கோபம் இல்லை. இவருக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன். வீட்டுல ஒரு வரி பாடினதில்லை."

ஸ்டெனோ சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிடிக்குமோ பிடிக்காதோ என்று இருந்துவிட்டேன் என்றார். கேட்டிருக்கலாமே என்றார் மனைவி. கேட்டிருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். காதக்காவுக்கு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்பது போல இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை, கடை அவளுடையது.

கடைசியில் அந்த அம்மாளே பையைக் கீழே வைத்தார். "அந்த அத்தான் பாட்டை முதல்லேர்ந்து எடுங்க. பொம்பளை வரியைப் பொம்பளை பாடட்டும்."

அவர் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது, ஆனால் திடமானது. போக வேண்டாம் என்று கெஞ்ச வேண்டிய இடத்தை, எங்கே போய்விடுவாய் பார்க்கிறேன் என்பது போலப் பாடினார். ஸ்டெனோ சார் அடுத்த வரியை மறந்துவிட்டார். அவர் வரியை மறந்தது அதுதான் முதல் தடவை.

மிச்சம் இருந்தது மகள். கணவனுக்குப் பழைய செவிட்டுத்தனம் வேண்டும், மனைவிக்குக் காய் நறுக்குகிற சுகம் வேண்டும், இருவருக்கும் புதன்கிழமையும் வேண்டும். மூவரும் கூடி ஆலோசித்து ஒரு திட்டம் போட்டார்கள். காதக்கா மகளுக்குப் போன் செய்து, சில காதுகளில் பாட்டு ஏறும், பேச்சு ஏறாது, உங்கள் அப்பாவுடையது அந்த ரகம், பேச்சுக்குக் கருவியால் பலன் இல்லை, புதன்கிழமை பாட்டுப் பயிற்சி மட்டும் தொடரட்டும் என்று சொன்னாள். அறையின் ரகசியத்தைக் காப்பது வேறு, வாய் கூசாமல் கதை கட்டுவது வேறு என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்று சாப்பிடும்போது மாஸ்டரிடம் ஒப்பித்தாள். நீ சொல்ல ஆரம்பித்தபோதே என் கால் பிரேக்கைத் தேடியது என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து மகள் கடைக்கு வந்தாள். இந்த முறை நெருப்பணைப்பானைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்கு வந்து, கூட்டைத் திறந்து வைத்தாள். இரண்டு பாதியாகக் கிடந்தது, உள்ளே காற்று.

"திருப்பிக் குடுக்கறதுக்காக வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். பேட்டரியை எடுத்துடலாம்னு திறந்தேன்," என்றாள்.

காதக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்டெனோ சார் சொன்னதில் தான் சொல்லக்கூடாதது எது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு, திறந்து கிடக்கிற கூட்டை மூடி என்ன பயன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா அவர் ரோட்டைக் கடக்கற நேரம் பார்த்து நான் வேலையில கடிகாரத்தைப் பார்த்துட்டு இருப்பேன்க்கா. போன் அடிச்சா ஆஸ்பத்திரியிலேர்ந்துதானோன்னு தோணும். விளையாட்டா போச்சு உங்களுக்கெல்லாம்."

காதக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. தப்புத்தான் என்றாள். மகள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த யுகுலேலேயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெதுவாக அவள் வாயோரம் வேறு மாதிரி ஆயிற்று. அந்த வாயோரத்தைக் காதக்கா அடையாளம் கண்டுகொண்டாள். அதுவும் தன்னை மாதிரிக் குறும்பு ஜாதிதான்.

"பாட்டு மட்டும் கேக்கும்னு சொன்னீங்கல்ல? எந்தப் பாட்டு அவருக்கு நல்லாக் கேக்கும்?"

அன்று சாயங்காலம் ஸ்டெனோ சார் வீட்டில் போன் அடித்தது. மனைவி எடுத்து, ஒலியைக் கூட்டி, அவர் பக்கம் நீட்டினார். படகுக்காரன் மெட்டில், பிசகாமல், மகள் பாடினாள்: படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தீர்களா அப்பா, மாத்திரையைப் போட்டீர்களா, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தீர்களா. பாட்டு கேட்காது என்று சொல்ல வழியில்லை. ஸ்டெனோ சார் கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு அதே மெட்டில் போட்டாச்சும்மா என்று பாடினார். அடுத்த நாள் வேறு பாட்டு. ஒவ்வொரு நாளும் ஒன்று. மகள் இதற்காகவே பழைய பாட்டுகளைத் தேடிப் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்து முனையில் திரும்பும்போது வண்டிகளைக் கவனிப்பது பற்றி ஒரு முழுப் பாட்டையே கட்டிப் பாடினாள். அவரும் சரணத்துக்குச் சரணம் பதில் சொன்னார்.

தனக்குத் தெரியும் என்பதை அப்பா அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அது அவள் கொடுத்த தண்டனை. புதன்கிழமை தோறும் இருவரும் பளபளவென்று வந்து உட்கார்ந்து, பெண்ணை எப்படி நம்பவைத்துவிட்டோம் என்று காதக்காவிடம் பெருமையடித்துக்கொள்வார்கள். பாவம், வெகுளிப் பெண், என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறாள் என்பார் ஸ்டெனோ சார். வளர்ப்பு அப்படி என்பார் மனைவி. காதக்கா நன்றாகக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே சரியாக இருக்கிற தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பாள்.